வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்

அந்த ஒரு வாக்கியத்தை அவள் கடையில் ஒருமுறை சொன்னாளா, இரண்டு முறை சொன்னாளா என்பது எனக்கு இப்போது உறுதியாக நினைவில்லை. அவளே இரண்டு விதமாகச் சொல்லியிருக்கிறாள். நாள் கிழமையிலும் நான் முன்பின்னாகக் குழப்பியிருக்கலாம். அளவில் மட்டும் குழப்பமில்லை. அவள் கேட்டது நாற்பத்து மூன்று அங்குலத் தொலைக்காட்சி. வந்து இறங்கியது ஐம்பத்தைந்து.

நாற்பத்தாறு வயதில் அவள் தனக்கென்று ஒரு வீடு வாங்கியிருந்தாள். ஒரு கூடம், ஓர் உள்ளறை, ஒருவர் திரும்பினால் இன்னொருவர் ஒதுங்க வேண்டிய சமையலறை. காது மருத்துவமனையில் கேட்கும் திறனைச் சோதிப்பது அவள் வேலை. சத்தம் புகாத கண்ணாடி அறைக்குள் நோயாளியை உட்காரவைத்து, ஹெட்போன் மாட்டிவிட்டு, ஒவ்வொரு சுருதியின் சத்தத்தையும் குறைத்துக் குறைத்து அனுப்புவாள். கேட்டால் பொத்தானை அழுத்த வேண்டும். ஒன்றும் அனுப்பாதபோதும் அழுத்துகிறவர்கள் உண்டு. காது போய்விட்டது என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்கிற பயம் அவர்களுக்கு. அங்கே அவளை எல்லோரும் ‘காதம்மா’ என்றுதான் கூப்பிடுவார்கள்.

இருபத்து மூன்று வருடம் அடுத்தவர் காதைச் சோதித்தவளுக்கு, சொந்த வீட்டின் அமைதி முதல் மாதம் சர்க்கரையாக இனித்தது. மூன்றாவது மாதம் அதுவே காதை அடைத்தது.

அதை வெளியே சொல்ல முடியாது. அப்பா அம்மாவின் கடைசி நாள்வரை அவர்களைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். அவர்கள் போனபிறகு அண்ணன், “மாடி ரூம் சும்மாதான கெடக்கு, வந்துடு” என்றான். அண்ணியின் சமையலறையில் இரண்டாவது கரண்டியாக மிச்ச காலத்தை ஓட்ட அவளுக்கு மனமில்லை. “தனியா இருந்து காட்டறேன் அண்ணா. பயமா இருக்குன்னு என் வாயால ஒரு நாள் சொன்னேன்னா, மறுநாளே வீட்டப் பூட்டி சாவிய உன் கையில குடுத்துடறேன்” என்று சொல்லிவிட்டு வந்திருந்தாள்.

“சொல்லுவ, சொல்லுவ” என்று அண்ணன் சிரித்தான். “வீராப்பெல்லாம் வெளக்கு எரியற வரைக்கும்தான்.”

ஆகவே ஒரு தொலைக்காட்சி. கூடத்தில் யாராவது பேசிக்கொண்டிருந்தால் போதும்.

கடையில் ஒரு சுவர் முழுக்கத் தொலைக்காட்சிகள். எல்லாவற்றிலும் ஒரே மீன், ஒரே நேரத்தில், சத்தமில்லாமல் வாயைத் திறந்து மூடியது. விற்பனையாளர் இளைத்த உடம்புக்காரர். பேச்சில் மட்டும் வானத்தை வில்லாக வளைத்துக்கொண்டிருந்தார்.

“எத்தன பேர் மேடம் பாப்பீங்க?”

“எதுக்கு?”

“ஒருத்தர்னா நாப்பத்தி மூணு தாராளம். ரெண்டு பேர் சோபால சேந்து உக்காந்து பாக்கறதுன்னா அம்பத்தஞ்சு எடுத்துருங்க. சின்னதா வாங்கிட்டுப் போயி அப்பறம் வீட்ல சண்டை. திட்டு வாங்கறது நாங்க.”

“நாப்பத்தி மூணு போதும்னு நெனைக்கறேன்.”

“நெனைக்காதீங்க மேடம். சார ஒரு தடவ கூட்டிட்டு வாங்க, அவரு என்ன சொல்றாருன்னு பாத்துருவோம்.”

அப்போதுதான் அவள் அதைச் சொன்னாள். “வீட்ல கேட்டுட்டுச் சொல்றேன்.”

பாத்திரக் கடையிலிருந்தும், காப்பீடு விற்க வருகிறவரிடமிருந்தும் தப்பிக்க எல்லாப் பெண்களும் சொல்வது. அதில் ‘வீட்ல’ என்றால் சுவரும் கூரையுமா? புருஷன். புருஷன் சொன்னால் பெண்டாட்டி. இரண்டுமில்லாதவளுக்கு அது ஒரு கேடயம், அவ்வளவுதான். விற்பனையாளர் அந்தச் சொல்லுக்குக் கட்டுப்பட்டு, சீட்டில் அவளுடைய முகவரியை எழுதிக்கொண்டு விலகிக்கொண்டார்.

அன்று மாலை அவள் இருவர் அமரும் சோபாவில் உட்கார்ந்து வெற்றுச் சுவரைப் பார்த்தாள். வெளிச்சம் இறங்கிக்கொண்டிருந்தது. குளிர்பெட்டி முனகியது, குழாயில் எங்கோ தண்ணீர் சொட்டியது, உள்ளறை ஜன்னல் கதவு காற்றுக்கு மெல்லத் தட்டியது. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டாமா என்று அவளுக்குச் சிரிப்பு வந்தது. வாழ்நாளில் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு, உள்ளறைப் பக்கம் முகத்தைத் திருப்பி, வேண்டுமென்றே கொஞ்சம் குழைவோடு கேட்டாள்:

“என்னங்க, நாப்பத்தி மூணு போதுமா?”

தொழில் பழக்கம், மூன்று நொடி காத்திருந்தாள். பதில் இல்லை. இருக்காதுதான். ஆனால் குளிர்பெட்டி நின்றிருந்தது. சொட்டும் நின்றிருந்தது. ஜன்னல் தட்டவில்லை. பேர் சொல்லிக் கூப்பிட்டதும் பேச்சை நிறுத்திவிட்டு நிமிர்ந்து பார்க்கிறவர்களைப் போல, வீடு முழுக்க ஒரே நேரத்தில் நின்றிருந்தது. பிறகு ஒவ்வொன்றாக மறுபடி தொடங்கின.

மறுநாள் காலை கடைக்குப் போன் செய்து நாற்பத்து மூன்றே அனுப்பச் சொன்னாள்.

சனிக்கிழமை மதியம் இரண்டு பேர் தூக்க முடியாமல் தூக்கிவந்து கூடத்தில் சாய்த்த பெட்டியைப் பார்த்ததுமே அளவு தெரிந்துவிட்டது. “இது இல்லையே” என்றாள். சுமந்தவர்களில் மூத்தவர் சட்டைப் பையிலிருந்து சீட்டை எடுத்து நீட்டினார். நாற்பத்து மூன்றை அடித்துவிட்டுப் பக்கத்தில் எழுதியிருந்தது: ‘வீட்ல சொல்லியாச்சு – 55.’

அவள் கடைக்குப் போன் செய்தாள்.

“நீங்க காலைல சின்னது சொன்னீங்க மேடம்” என்றார் விற்பனையாளர். “மத்தியானம் வீட்லேருந்து பேசினாங்களே.”

“யாரு பேசினது?”

“சார்தான். ‘ரெண்டு பேர் உக்காந்து பாக்கணும், பெருசாவே குடுங்க’ன்னாரு. ரொம்ப மெதுவாப் பேசறாரு மேடம், மூணு தடவ திருப்பிக் கேட்டேன். கோவமே படல. தங்கமான மனுஷன்.”

பெரியதைத் தலையில் கட்டுவதற்கு இப்படியும் ஒரு வித்தை போலிருக்கிறது என்றுதான் முதலில் தோன்றியது. பதிலுக்கு வாயைத் திறந்தாள். கூடத்தில் இரண்டு ஆண்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டு நின்றிருந்தார்கள். வாசலில் ஒரே ஜோடிச் செருப்பு. மேசையில் ஒரே கோப்பை. அவர்கள் காதுபட, வீட்டில் வேறு யாரும் இல்லை என்று எந்தப் பெண் சொல்வாள்?

“ஆமா... அவர் சொல்லியிருப்பார். நான்தான் மறந்துட்டேன்” என்றாள்.

சொன்ன கணமே, கண்ணாடி அறைக்குள் எத்தனையோ பேர் செய்து அவள் பார்த்திருந்ததைத் தானும் செய்துவிட்டதாகத் தோன்றியது. இல்லாத ஒலிக்குப் பொத்தானை அழுத்திவிட்டாள்.

திங்கட்கிழமை மாலை கேபிள்காரர் வந்தார். தோளில் சுருட்டிய ஒயர், இடுப்பில் ஸ்க்ரூ டிரைவர், வாயில் ஓயாத பேச்சு. கேபிள் பெட்டியைப் பொருத்திவிட்டு, “உள் ரூம் ஜன்னல் வழியா இழுத்தா ஒயர் மிச்சம்மா” என்று உள்ளறைக் கதவில் கை வைத்தார்.

“உள்ள வேணாம்” என்று அவள் குறுக்கே வந்தாள். “அவர் படுத்திருக்கார்.”

“அடடா, முன்னாடியே சொல்லக் கூடாதா?” அதன்பிறகு அவர் பாதி நுனிக்காலில்தான் நடந்தார். சுத்தியலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஆணி அடித்தார். அந்தக் கவனத்தைப் பார்க்க அவளுக்கு உள்ளூர வெட்கமாகவும், சொல்லத் தெரியாத ஒரு விதத்தில் இதமாகவும் இருந்தது. அந்த வீட்டில் யாருடைய தூக்கத்துக்காகவும் யாரும் குரலைத் தாழ்த்தியதில்லை.

யார் யார் பார்க்கிறார்கள் என்று திரையில் ஒரு கேள்வி வந்தது.

“உங்க பேரு போட்டாச்சு. சார் பேரு என்னம்மா?”

அவளுக்கு ஒரு பெயரும் வரவில்லை. “அவர்...” என்று இழுத்தாள்.

“பேரச் சொல்ல மாட்டீங்களா? இந்தக் காலத்துலயுமா!” சத்தம் வராமல் வயிறு குலுங்கச் சிரித்தார். “எங்க வீட்டம்மா பேரச் சொல்லித்தான் என்னத் திட்டவே ஆரம்பிக்கும். சரி விடுங்க, மரியாதையாவே போட்டுருவோம்.” ஒவ்வோர் எழுத்தாக அமுக்கினார். பச்சை வட்ட முகத்தின் கீழே அவள் பெயர். பக்கத்தில் ஒரு நீல வட்ட முகம். அதன் கீழே: அவர்.

கிளம்பும்போது, “வரேம்மா” என்றார். பிறகு அவள் தோளுக்கு மேலாக உள்ளறையைப் பார்த்துக் குரலைச் சற்று உயர்த்தினார். “வரேன் சார்.”

ஒரு நொடி நின்றார். தலையாட்டினார். முகம் மலர்ந்தது.

“பரவால்ல சார், நம்ம வேலதான” என்று உள்ளறைக்குச் சொல்லிவிட்டு, படியிறங்கிப் போனார்.

அவள் கதவுப் பிடியை விடாமல் நின்றாள். ஊசி விழுந்தாலும் எந்தப் பக்கம் விழுந்தது என்று சொல்லக்கூடிய காது அவளுடையது. ஒன்றும் கேட்கவில்லை. வெகுநேரம் கழித்து உள்ளறைக் கதவைத் தள்ளினாள். கட்டில், அலமாரி, மடித்த போர்வை. காலையில் அவள் விட்டுப்போன மாதிரியேதான். சவரம் செய்த முகத்துச் சோப்பு வாசனை மட்டும் லேசாக இருந்தது, பக்கத்து வீட்டிலிருந்து வரலாம்.

அதன்பிறகு சில வாரங்கள் ஒன்றும் நடக்கவில்லை என்று சொன்னால் சொல்லலாம். அவள் ஒலியைப் பன்னிரண்டில் வைத்துவிட்டு வேலைக்குப் போவாள். வந்து போட்டால் ஆறில் இருக்கும். பெட்டியில் ஏதோ கோளாறு. நீல முகத்தின் கீழே, ‘விட்ட இடத்திலிருந்து தொடர்க’ என்று ஒரே ஒரு அலைவரிசை இருக்கும். அவளுடைய இணைப்பில் இல்லாத எண். அமுக்கினால் கறுப்புத் திரை. நான்கு மணி நேரம் பார்த்ததாகக் காட்டும். மறுநாள் ஏழு. அதுவும் கோளாறு. அணைத்த பிறகு அந்தப் பெரிய கறுப்பில் கூடமே தெரிந்தது: விளக்கு, கதவு, சோபாவின் வலது ஓரத்தில் அவள், இடது பக்கம் காலி மெத்தை. சின்னத் திரையாக இருந்திருந்தால் அவள் மட்டுமே தெரிந்திருப்பாள். இதில் இருவருக்கும் இடமிருந்தது.

காலி மெத்தை நடுவில் குழிந்திருந்தது. புது சோபா. அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்ததே இல்லை.

கேபிள் இணைப்பைத் துண்டித்துவிட வேண்டியதுதான் என்று ஒரு மாலை வாடிக்கையாளர் சேவைக்குப் போன் செய்தாள். தூங்கி வழிந்த ஒரு பெண் குரல் எடுத்தது.

“ரெண்டு பேர் பேர்ல இருக்குங்க மேடம். இன்னொருத்தரும் சம்மதம் சொல்லணும். வீட்ல இருக்காங்களா?”

“வீட்ல யாரும் இல்ல” என்றாள் அவள். அடக்கி வைத்ததெல்லாம் ஒன்றாக வந்தது. “அப்படி ஒருத்தர் இல்லவே இல்ல. நான் தனியா இருக்கேன். கேக்குதா? தனியா.”

மறுமுனையில் அமைதி. பிறகு அந்தப் பெண், குரலே மாறி, பணிவாகச் சொன்னாள்:

“சரிங்க சார்.”

“யாருகிட்ட பேசறீங்க?”

“...இல்ல சார், பரவால்ல. மேடம் கொஞ்சம் டென்ஷன்ல இருக்காங்க, புரியுது. ...ஆமாங்க சார். ...அப்படியே தொடரலாங்க சார். கொஞ்சம் மட்டும் சத்தமாப் பேசுங்க, மேடத்துக்கும் கேக்கட்டும்.”

போனைக் காதோடு அழுத்தினாள். அந்தப் பெண் பேசும் இடங்களுக்கு நடுவே இடைவெளிகள் இருந்தன. யாரோ பேசி முடிக்கும்வரை காத்திருக்கும் இடைவெளிகள். அவற்றுக்குள் எதுவும் இல்லை. மூச்சுகூட இல்லை.

மறுநாள் மருத்துவமனையில் கண்ணாடி அறைக்குள் அவளே போய் உட்கார்ந்தாள். வெளியே காது டாக்டர். இருபது வருடப் பழக்கம். வாய்க்கு வந்ததைப் பேசுகிற பெண்மணி. அவள் கேட்டதற்கெல்லாம் நேர்மையாக அழுத்தினாள், கேட்காததற்கு அழுத்தவில்லை. வெளியே வந்தபோது டாக்டர் வரைபடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏம்மா, போன வருஷம் எல்லாம் சரியாத்தான இருந்துச்சு? இந்த ஒரு எடத்துல மட்டும் நீ அழுத்தவே இல்லையே. ரெண்டு காதுலயும். முழுச் சத்தம் வெச்சேன், கண்ணாடியே அதிர்ந்துச்சு. நீ பாட்டுக்கு என்னப் பாத்துட்டு உக்காந்துருக்க.”

“எந்த எடம்?”

“கீழ் சுருதி. ஆம்பளைங்க அடங்கின கொரல்ல பேசுவாங்களே, அந்த எடம்.” டாக்டர் சிரித்தார். “பாதிப் பேருக்கு இந்த வரம் கெடைக்கறதில்ல. எங்க வீட்டுப் பேச்ச நான் முப்பது வருஷமாக் கேட்டுட்டு இருக்கேன்.”

அவளும் சிரிக்கத்தான் முயன்றாள். வரைபடத்தில் கோடு நேராகப் போய், ஓரிடத்தில் கிணற்றுக்குள் விழுந்து, மறுபடி ஏறி நேராகப் போனது. அந்தக் கிணற்றையே பார்த்தாள்.

அப்படியானால் அவர் பேசாமல் இருக்கவில்லை.

முதல் நாளிலிருந்து. அவள் கேட்ட கேள்விக்கு. கூடத்தில். சமையலறையில் அவள் முதுகுக்குப் பின்னால். பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறார்.

அன்று மாலை அவள் வீட்டுக்குள் போகவில்லை. வெளிக்கதவின் கம்பியைப் பிடித்தபடி தெருவில் நின்று அண்ணனுக்குப் போன் செய்தாள். வீடு வாங்கிய கர்வம், மாடி அறையின் அவமானம், அண்ணியின் கரண்டி எதுவும் இப்போது பெரிதாகத் தெரியவில்லை.

“அண்ணா, நான் தோத்துட்டேன். பயமா இருக்கு. மாடி ரூமுக்கே வந்துடறேன். சாவி வாங்கிக்க.”

அண்ணன் கடகடவென்று சிரித்தான். “இப்பத்தான் பேசிட்டு வெச்சாரு. நீ இப்படித்தான் போன் பண்ணுவன்னும் சொன்னாரு.”

“யாரு?”

“நடிக்காத. ஒரு மாசமாப் பேசிட்டிருக்கோம். எங்ககிட்ட ஏன் மறைச்ச? நாங்க என்ன கடிச்சா தின்னுடுவோம்? இந்த வயசுலயாவது ஒரு தொணை கெடைச்சுதேன்னு உங்க அண்ணி கண்ணத் தொடச்சுக்கறா.”

“அண்ணா, சத்தியமா இங்க யாரும் இல்ல.”

“சண்டையா? சட்டியும் பானையும்னா இடிக்கத்தான் செய்யும். நீயும் கொஞ்சம் எறங்கி வா. எவ்வளவு பொறுமையான மனுஷன்! ‘நான் பேசறது எதுவும் அவ காதுல விழ மாட்டேங்குது’ன்னு அழாத கொறையாச் சொல்றாரு.” அண்ணனின் குரலில் பல வருடத்துப் பாரம் இறங்கிய நிம்மதி இருந்தது. “மாடி ரூமுக்கு வேற ஆள் வந்தாச்சும்மா. உன்னப் பத்தி இனிமே எனக்குக் கவலையில்ல. உள்ள போ. அவரு காத்துட்டிருக்காரு.”

போன் அணைந்தது.

தெருவில் யாரும் இல்லை. அவள் நிமிர்ந்தாள். கூடத்தில் நீல வெளிச்சம். அவள் போட்டுவிட்டு வரவில்லை. திரைச்சீலை ஒதுங்கியிருந்தது. ஒரு ஆள் நின்று பார்க்கும் அகலத்துக்கு.

வெளியே நிற்கலாம். எவ்வளவு நேரம்? போக வேறு கதவு இல்லை. கம்பி கையில் சில்லென்றிருந்தது. திரைச்சீலை மெல்ல மூடியது. வாசல் விளக்கு எரிந்தது. அவளுக்காக.

உள்ளே போனாள்.

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. விற்பனையாளர் வேறு கிளைக்கு மேலாளராகப் போய்விட்டார். கேபிள்காரர் வருடத்துக்கு ஒருமுறை வந்து பெட்டியைப் பார்த்துவிட்டு, உள்ளறை வாசலில் நின்று கொஞ்ச நேரம் அரட்டையடித்துவிட்டுப் போகிறார். டாக்டர் ஓய்வு பெற்றார். போகும்முன் அவளுடைய இடது காதுக்கு ஒரு கேட்கும் கருவி பொருத்திக் கொடுத்தார். அண்ணனும் அண்ணியும் சில ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறார்கள். நாற்காலிகளை இழுத்துப் போட்டுக்கொண்டு, சோபாவின் இடது பக்கத்தைப் பார்த்துப் பேசுகிறார்கள். நடுநடுவே விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அவள் வலது ஓரத்தில் உட்கார்ந்து, ஒரு கணம் தாமதமாகச் சிரிக்கிறாள்.

அவள் அந்த வீட்டில்தான் இருக்கிறாள். கருவியை அணைத்தே போட்டுக்கொள்கிறாள். அது எப்போது ஊளையிடும் என்று நோயாளிகளுக்கு எத்தனையோ முறை சொல்லிக் கொடுத்தவள் அவள்: ஓடும் கருவிக்கு வெகு அருகில் ஒரு கையோ, கன்னமோ, வாயோ வந்தால் ஊளையிடும். சாயங்காலங்களில் தொலைக்காட்சி ஆறாவது அளவில் ஓடிக்கொண்டிருக்கும்போது, அணைத்து வைத்த கருவி அவள் காதுக்குள் மெல்லச் சொடுக்கி, தானே விழித்துக்கொள்கிறது. பிறகு, மிக மெல்லிசாக, ஊளையிடத் தொடங்குகிறது. அவள் திரும்புவதில்லை.